முப்பத்தாறு மெகாஹெர்ட்ஸ்

1988 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த கையோடு நூர் பாஷா அந்த வீட்டுக்குக் குடி போனான். பாத்திரங்கள், அவன் மனைவி ஷகிலாவின் தையல் மிஷின், இரண்டு டிரங்குப் பெட்டி எல்லாம் மாட்டு வண்டியில் முன்னால் போய்விட்டன. கம்ப்யூட்டரை மட்டும் அவன் வண்டியில் ஏற்ற விடவில்லை. மதர்போர்டைத் தலையணை உறைக்குள் வைத்து மடியில் அணைத்தபடி என் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வந்தான். பள்ளம் வரும்போதெல்லாம், "மெல்ல முனி, மெல்ல" என்று என் தோளைத் தட்டினான்.

பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் ரோட்டில் தனியாக நின்ற ஓட்டு வீடு அது. கருங்கல் சுவர். முன்னால் இரண்டு அறை, பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. வீட்டுக்காரர் முகம்மது கவுஸ், புளி வியாபாரி. சாவியைக் கொடுத்துவிட்டு பின்னறை வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை.

"முன்னாடி ரூமுங்கள தாராளமா பொழங்கிக்குங்க. இதுல சாமான் வைங்க, உக்காந்து வேலை பாருங்க. படுத்து மட்டும் தூங்காதீங்க."

"ஏன் பாய்? தேள் வருமா?" என்றான் பாஷா.

"ஈரம். ஒடம்புக்கு ஆவாது," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த அறைக்காகத்தான் பாஷா அந்த வீட்டையே பிடித்தான். ஏனென்றால் அது குளிர்ச்சியாக இருந்தது. வெளியே தார் ரோடு இளகிக் கிடக்கும் வெயிலில், அந்த அறைக்குள் நுழைந்தால் கையில் ரோமம் குத்திட்டு நின்றது.

எங்கள் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாஷா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக். இரண்டு பேரும் சேர்ந்து பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு எட்டு மாதம் பஸ்ஸில் அலைந்து, போர்டு ஒரு கடையில், மெமரி சிப் ஒரு கடையில், கீபோர்டு ஒரு கடையில் என்று பொறுக்கி, ஒரு கம்ப்யூட்டரை எங்கள் கையாலேயே கட்டினோம். அது ஓடியதும் சும்மா இருக்க முடியவில்லை. அதை இன்னும் வேகமாக ஓட்ட வேண்டும்.

போர்டில் கிரிஸ்டல் என்று வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன தகர டப்பி இருக்கும். கம்ப்யூட்டருக்கு நாடித் துடிப்பு கொடுப்பது அதுதான். போர்டோடு வந்தது பதினாலு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அதைப் பிடுங்கிவிட்டு இருபத்துநாலு வைத்தால் வேகம் ஏறும். வேகம் ஏறினால் சூடு ஏறும். சூடு ஏறினால் மிஷின் நின்றுபோகும். பாஷாவின் கடைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பழைய ஆம்ப்ளிஃபயரின் அலுமினியத் தகட்டை பிராசஸர் மேல் கட்டிப் பார்த்தோம். டேபிள் ஃபேன் வைத்தோம். மண்பானைத் தண்ணீரை குளுக்கோஸ் ஏற்றும் டியூப் வழியாகச் செப்புக் குழாயில் ஓடவிட்டோம். பத்து நிமிஷத்துக்கு மேல் தாக்குப் பிடிக்கவில்லை.

பின்னறையில் முதல் நாளே மூன்று மணி நேரம் ஓடியது.

பாஷா குதித்தான். என்னைக் கட்டிப்பிடித்தான். வேகத்தை அளக்க அவன் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தான். பகா எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடித்துப் பச்சை எழுத்தில் திரையில் போடும். ஆயிரம் எண் வர எத்தனை விநாடி என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நேரம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது.

எக்ஸ்சேஞ்ச் பாட்டரி ரூமிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் கொண்டுபோயிருந்தேன். மிஷினைப் போடும் முன் அறையில் இருபத்திரண்டு டிகிரி. மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தேன்.

பதினெட்டு.

ஒரு மூடின அறை. நூறு வாட் பல்பு, ஓடும் மிஷின், இரண்டு ஆட்கள். சூடு ஏறியிருக்க வேண்டும்.

"பாஷா, இது எப்படி கொறையும்?"

"கொறைஞ்சா நல்லதுதானே!" என்றான்.

அடுத்த வாரம் முப்பது மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டோம். அலுமினியத் தகட்டைக் கழற்றிவிட்டோம், தேவைப்படவில்லை. ஒரு மணி நேரம் ஓடிய பிராசஸரை விரலால் தொட்டுப் பார்த்தேன். கொப்பளிக்க வேண்டிய விரல் சில்லிட்டது. விரல் நுனியில் ஈரம். முகர்ந்தேன். பாசி வாடை, ஆற்றங்கரைச் சேற்றில் மீன் செத்துக் கிடக்கும்போது வருகிற வாடை.

பாஷா அதையெல்லாம் கவனிக்கவில்லை. கடையைத் திறப்பதைக் குறைத்துவிட்டான். எப்போது போனாலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். உதடு சாம்பல் பூத்திருந்தது.

ஒரு நாள் ஷகிலா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணா, அவரு ஒடம்பு தொட்டா சில்லுன்னு இருக்குது. வெயில்ல உக்காருங்கன்னு சொன்னா சண்டைக்கு வர்றாரு. நீங்க சொன்னா கேப்பாரு. அந்த மிஷின கடைக்கே எடுத்துட்டுப் போயிருங்க."

"சொல்றேம்மா," என்றேன்.

சொல்லவில்லை. அன்றைக்கும் உட்கார்ந்து விநாடி எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாது வந்தார். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். ஷகிலாவிடம் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். முன்னறையில் நின்று சட்டையை வாங்கும்போது, பின்னறைக் கதவு இடுக்கில் பச்சை வெளிச்சம் தெரிந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"அந்த ரூம்ல யாருங்க இருக்கறாங்க?"

"என் சிநேகிதன்தான்," என்றேன்.

அவர் என்னை ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்.

"கவுஸ் பாய் வாங்கறதுக்கு முன்னாடி இது சும்மா கெடந்த வூடுங்க. ஆத்துல போன பொணத்த எடுத்தா, சொந்தக்காரங்க வர்ற வரைக்கும் அந்த ரூம்லதான் போடுவோம். ஒருத்தனுக்கு மட்டும் யாருமே வரல. பதினோரு நாள் கெடந்தான். நான்தான் தூக்கியாந்து மூலையில போட்டவன். காவலுக்கு ஒரு ஆளு வாசல்ல படுத்திருந்தான். மழைன்னு ஒரு நாள் உள்ளாற போய்ப் படுத்துட்டான்."

நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பி வீட்டைப் பார்த்தார்.

"வெடிஞ்சி போய்ப் பாத்தேங்க. மூலையில போட்ட பொணம் மூலையில இல்ல. அந்தக் காவக்காரன் மேல கெடந்துச்சு. கட்டிப் புடிச்ச மாதிரி. அவனும் செத்து வெறச்சிக் கெடந்தான். ரெண்டு பேரையும் பிரிக்கறதுக்கு நாலு ஆளு ஆச்சுங்க."



"அதுக்கு குளுருதுங்க," என்றார் மாது. "சூடு இருக்கற எடத்துக்குத்தான் அது வரும். அவர வெளிய கூப்புடுங்க."

இதைக் கேட்டது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை பகல் நான் அந்த வீட்டுக்குப் போனபோது என் சட்டைப் பையில் முப்பத்தாறு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்தது. முதல் நாள் பெங்களூர் போய் நானே வாங்கி வந்தது. என் மேல் நான் சொல்கிற முதல் குற்றம் அதுதான். மாது சொன்னதைப் பாஷாவிடம் சொன்னேன், சிரித்தபடி சொன்னேன். அவனும் சிரித்தான்.

"சரி, இது ஒண்ணு பாத்துரலாம். அப்புறம் கடைக்கே கொண்டுபோயிருவோம்," என்றான்.

எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது.

பன்னிரண்டரை மணி. வெளியே காக்கை கூடக் கத்தாத வெயில். பாஷா கிரிஸ்டலைச் சால்டர் செய்து முடித்தான். கதவைச் சாத்தினோம். சுவிட்சைப் போட்டான்.

ஓடியது.

பகா எண்கள் திரையில் மழை மாதிரி இறங்கின. அந்த வேகத்தைப் பென்னாகரத்தில் அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஒன்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டு.

மூலையில் ஈரத் துணி தரையில் இழுபடுவதுபோல் ஒரு சத்தம்.

"பாஷா, நிறுத்து."

"இன்னும் நூறுதான்."

சத்தம் மேஜைக்கு அருகில் வந்தது. மிஷினுக்குப் பக்கத்தில் நின்றது. கடப்பாக் கல் தரையில் சொட்டு, சொட்டு என்று தண்ணீர் விழுந்தது. யாரோ அடுப்பருகே குனிந்து குளிர்காய்வதுபோல், அந்த மிஷினுக்கு மேலே இருட்டு குனிந்திருந்தது.

அப்போது கரண்ட் போயிற்று.

பல்பு அணைந்தது. திரையில் ஒரு பச்சைப் புள்ளி சுருங்கி மறைந்தது. மிஷினுக்குள் இருந்த ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. அந்த அறையில் இப்போது சூடாக இருந்தது நாங்கள் இருவர் மட்டுமே.

சொட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

நாற்காலி சாய்ந்தது. பாஷா விழுந்த சத்தம் கேட்டது. அவன் கத்தவில்லை. தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"முனி... மேல..."

தரையில் துழாவி அவன் காலைப் பிடித்தேன். இழுத்தேன். வரவில்லை, நெல் மூட்டை ஒன்று மேலே கிடப்பதுபோல் கனத்தது. அவன் மார்பைத் தேடிக் கைகளை நீட்டினேன். அவன் சால்வை தட்டுப்படவில்லை. நைந்துபோன ஈரச் சட்டை தட்டுப்பட்டது. அதற்கு அடியில் ஒரு முதுகு. என் இரண்டு உள்ளங்கைகளும் அதில் பதிந்தன. ஊறிய மாவுபோல விரல்கள் உள்ளே அமுங்கின.

அந்த முதுகு மூச்சு விடவில்லை.

ஆனால் தலை என் பக்கம் திரும்பியது. இருட்டில் அதை நான் பார்க்கவில்லை. என் மணிக்கட்டில் ஈர முடி உரசியதில் தெரிந்தது.

"ஷகிலா!" என்று அலறினேன்.

கதவு படாரென்று திறந்தது. அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்; கையில் கரி இஸ்திரிப் பெட்டி. மூடி இடுக்கில் நெருப்பு சிவந்திருந்தது. ஒரு கணம் தரையைப் பார்த்தாள். அவள் எதைப் பார்த்தாள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

"யா அல்லாஹ்!" என்றவள் பெட்டியைத் திறந்து அறையின் மூலைக்கு அத்தனை நெருப்பையும் வீசினாள்.

கனம் விலகியது. தரையில் கங்குகள் சிதறிய பக்கமாக ஏதோ பாய்ந்தது. ஒவ்வொரு கங்காக, அடுத்தடுத்து, உஸ் உஸ் என்று கறுத்தது. கடைசிக் கங்கு அணைவதற்குள் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பாஷாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்துவிட்டோம்.

வாசலுக்கு எதிரே கிடந்த பாறை மேல் கிடத்தினோம். கால் வைக்க முடியாத சூடு. அவன் அதன் மேல் நடுங்கிக்கொண்டே கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சகாயமேரி அவன் நாக்கின் அடியில் தெர்மாமீட்டர் வைத்தார். எடுத்துப் பார்த்து உதறினார். மறுபடி வைத்தார். "இது கெட்டுப்போச்சு போல," என்று வேறொன்று எடுத்து வந்தார். அதிலும் பாதரசம் அசையவில்லை. வெந்நீர்ப் பைகளுக்கு நடுவே ஆறு நாள் வைத்திருந்து அவனைப் பிழைக்க வைத்தார்கள். வலது கையில் மூன்று விரல்களுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. பிறகு ஒரு நாள் கடையில் சால்டரிங் அயர்ன் பட்டுத் தோல் கருகும் வாடை வந்த பிறகுதான், தன் விரல் எரிகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தோடு கடையை மூடிவிட்டான்.

கம்ப்யூட்டரை எடுக்க யாரும் போகவில்லை. கவுஸ் பாய் பின்னறை வாசலைச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டார்.

பாஷாவும் ஷகிலாவும் தருமபுரிக்குப் போய்விட்டார்கள். அங்கே பாட்டு கேசட் விற்றான். எனக்குப் பாலக்கோட்டுக்கு மாற்றல் கிடைத்தது. ஒரு வருஷம் அவர்களைப் பார்க்கப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அடுத்த ஜூனில், ஷகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று கார்டு வந்த பிறகுதான், ஒரு காலையில் பஸ் ஏறினேன்.

சின்ன வீடு. வெளிச்சமான வீடு. பாஷா கடைக்குப் போயிருந்தான். குழந்தை தொட்டிலில் தூங்கியது. ஷகிலா என்மேல் கோபமாக இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உக்காருங்கண்ணா, டீ போடறேன்," என்று அடுப்பில் பாலை வைத்தாள்.

பேசிக்கொண்டிருந்தோம். அவள் நடுவே எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். திரியை ஏற்றினாள். திரும்ப வந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. நானும் எழுந்து போனேன். மண்ணெண்ணெய் அடுப்பு நீலமாக, முழுசாக எரிந்துகொண்டிருந்தது. பாலில் ஓர் ஆடை கூடப் படியவில்லை. ஆவி இல்லை.

ஷகிலா பாலுக்குள் விரலை விட்டாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. அவள் ஓடிப்போய் அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, வாரி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றாள். என்னைப் பார்த்தாள், இல்லை, எனக்கு ஒரு சாண் பின்னால் பார்த்தாள்.

"காலையில நல்லாத்தான் பொங்குச்சுண்ணா," என்றாள் மெதுவாக. "நீங்க வந்த பொறவுதான்..."

நான் செருப்பைக் கூட மாட்டவில்லை. வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்தேன். பின்னால், அடுப்பில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது.