விழுந்தால் அலறும்

போன் அடித்தது.

திரையில் பெரியவரின் எண்ணைப் பார்த்ததும் சல்லடை சிரித்துக்கொண்டான். நேற்று மாலை அனுப்பிய அப்டேட். காலையிலேயே புகார் சொல்ல வந்துவிட்டார் மனிதர்.

சல்லடை என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். எந்தத் தப்பும் அவனைத் தாண்டிப் போகாதாம்.

அவன் கம்பெனி செய்வது வயதானவர்கள் கட்டிக்கொள்ளும் வாட்ச். கட்டியிருப்பவர் கீழே விழுந்தால் அது ஊரைக் கூட்டும். வீட்டாருக்குத் தானே போன் போடும். உள்ளே ஓடும் மென்பொருளை மாற்றும்போதெல்லாம் சல்லடைதான் முதலில் சோதிப்பான். அவன் 'பாஸ்' போட்டால் 'முன்னோடிகள்' என்ற சிறு கூட்டத்துக்குப் போகும். அவர்கள் சில வாரம் கட்டிப் பார்த்து நொட்டை சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு.

முன்னோடிகளில் பெரியவர்தான் முதல் ஆள். பழைய ரேடியோ மெக்கானிக். புதிதாக எது வந்தாலும் முதலில் தன் கையில் ஏற வேண்டும் அவருக்கு. ஏறிய மறுநிமிடம் சல்லடைக்குப் போன்.

"சொல்லுங்க சார். இந்தத் தடவை என்ன, எழுத்து சின்னதா இருக்கா?"

மறுமுனையில் வேறு குரல்.

"சார்... நான் அவரோட மருமகன். மாமா போயிட்டார்."

சல்லடை நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான்.

"எப்படி சார்?"

"மாடிப்படியில விழுந்துட்டார். என் மனைவி காலை ஷிப்ட்டுக்குப் போயிட்டா. நான் நடக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தா கீழ்ப்படியில கிடக்கறார்."

"வாட்ச்..."

"கையிலதான் சார் இருந்தது. சத்தமே போடலை. நேத்து நீங்க புதுசா ஏதோ அனுப்பினீங்களாமே? கலரெல்லாம் மாறிடுச்சுன்னு மாமா என்கிட்ட காட்டினார்."

போன் சல்லடையின் காதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் அந்த அப்டேட்டைச் சோதிக்கவே இல்லை.

சோதனை அறையில் ஒரு மெத்தை உண்டு. வாட்சைக் கட்டிக்கொண்டு அதன்மேல் விழ வேண்டும். முன்னால், பின்னால், பக்கவாட்டில், முட்டி மடங்கி. ஒவ்வொரு விழுகைக்கும் வாட்ச் அலற வேண்டும். அதுதான் வேலை. நேற்றோ, முந்தைய சோதனையில் விழுந்து விழுந்து இடுப்பில் சுளுக்கு. வெளியே மைத்துனன் சினிமா டிக்கெட்டோடு காத்திருந்தான்.

"கலரைத்தானேப்பா மாத்தியிருக்கோம்," என்றார் மேனேஜர். "சீக்கிரம் அனுப்பு."

சல்லடை மெத்தையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். எல்லாக் கட்டத்திலும் 'பாஸ்' போட்டுவிட்டுக் கிளம்பினான். படம்கூட நன்றாகத்தான் இருந்தது.

இப்போது மேனேஜருக்கு போன் போட்டான்.

"யாரும் எதையும் தொடக்கூடாது," என்றார் அவர். "வாட்சைத் தொடாதே, சோதிக்காதே, வாயைத் திறக்காதே. வக்கீல் வரட்டும்."

"சார், ஒரு உயிர் போயிருக்கு."

"அதனாலதான் சொல்றேன்."

அன்று மாலை சல்லடை துக்கம் விசாரிக்கப் போனான். போகாமல் இருக்க முடியவில்லை.

ஒடுக்கமான இரண்டடுக்கு வீடு. கூடத்திலிருந்து மேலே ஏறும் மரப்படிக்கட்டு. மாடியில் பெரியவரின் அறை. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் இன்னும் வரவில்லை. மகள் படிக்கட்டுக்கு எதிரே, சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு நர்ஸம்மா அவள் கையைப் பிடித்திருந்தார். அழுது முடித்த முகம்.

"நீங்கதானா அவர்?" என்றாள். "அப்பா தினமும் உங்களைப் பத்திப் பேசுவார். என் தம்பி மாதிரின்னு சொல்வார்."

சல்லடை தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்ணு கேட்கவா? அரைமணி முன்னாடி கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பார்னு டாக்டர் சொன்னார். அந்த வாட்ச் மட்டும் அடிச்சிருந்தா... என் போனுக்கு வந்திருக்கும் இல்ல?"

"வந்திருக்கும்மா."

"நான் போனைக் கையிலயேதான் வெச்சிருந்தேன்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மருமகன் அவனைத் தோளில் கைபோட்டு வாசலுக்குக் கூட்டி வந்தான். பார்க்க சாதுவான ஆள். மெல்லிய குரல்.

"சார், நான் ஒரு உண்மையைச் சொல்லணும்," என்றான் சல்லடை. "அந்த அப்டேட்டை நான் சோதிக்கலை. சோதிச்சதா எழுதிட்டு சினிமாவுக்குப் போயிட்டேன். உங்க மாமாவை நான்தான் கொன்னேன்."

மருமகன் திரும்பி உள்ளே மனைவி இருந்த பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு... சல்லடையைக் கட்டிக்கொண்டான்.

"விடுங்க சார். வேணும்னா செஞ்சீங்க? அவர் நேரம் முடிஞ்சுது, போயிட்டார். இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களுக்கும் குடும்பம் இருக்கு. நாங்க கேஸ் எதுவும் போடப் போறதில்லை. வாட்சை ஆராய்ச்சி பண்றேன்னு யாரும் எங்களை அலைக்கழிக்காம இருந்தா போதும்."

சல்லடை தெருவில் நின்று அழுதான். இவ்வளவு நல்லவர்கள் வீட்டிலா தன் கைவரிசை?

அவனால் சாப்பிட முடியவில்லை. குளிக்கும்போது யாரோ படியில் உருள்வது போலக் கேட்டது. மனைவி என்னவென்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றான். ஞாயிறு முழுக்க அப்படியே போனது. திங்கள்கிழமை அலுவலகத்துக்குக் கிளம்பிய கால்கள் போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றன.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மேஜைமேல் குவிந்திருந்த காகிதங்களுக்கு நடுவே கேரட் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்னைக் கைது பண்ணுங்க மேடம்."

"உட்காருங்க முதல்ல. யாரை என்ன பண்ணீங்க?"

சொன்னான். மெத்தை, சுளுக்கு, மைத்துனன், சினிமா, மருமகன் கட்டிப்பிடித்து அனுப்பியது, எதையும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் கேரட்டைக் கீழே வைத்தார்.

"படியில விழுந்த பெரியவர் கேஸ்தானே? விபத்துன்னு மூடப் போறேன். இன்னைக்குக் கையெழுத்து போடணும்."

"விபத்து இல்லை மேடம். அலட்சியம். என் அலட்சியம்."

"இருங்க. நீங்க அதைச் சோதிக்கலை. சரி. கோளாறு இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அடிக்கலையே மேடம்."

"அடிக்கலைன்னு யார் சொன்னாங்க?"

"அவர் மருமகன்."

"நீங்க பார்க்கலை?"

"இல்லை."

"சோதிக்காம பாஸ் போட்டீங்க. இப்ப சோதிக்காம பெயில் போடறீங்க. ரெண்டும் ஒரே தப்புதானே?"



இன்ஸ்பெக்டர் எழுந்து பீரோவைத் திறந்தார். முத்திரை வைத்த சின்ன உறை. உள்ளே பெரியவரின் வாட்ச்.

"வாட்சுக்கு சார்ஜ் போடச் சொல்றேன். அதே வாட்ச், அதே படி. நீங்களே விழுந்து காட்டுங்க. அடிக்கலைன்னா உங்களையும் உங்க மேனேஜரையும் ஒரே ஜீப்ல ஏத்தறேன்."

அன்று மதியம், பெரியவர் வீட்டு மரப்படிக்கட்டின் பாதியில் சல்லடை நின்றான். இடது கையில் வாட்ச். கீழே இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள், மகள், மருமகன்.

"மேடம், இதெல்லாம் எதுக்கு?" என்றான் மருமகன். "பாவம், இவருக்கு ஏதாவது ஆயிடப் போகுது. எங்களுக்கு யார் மேலயும் வருத்தம் இல்லை."

"எனக்கு இருக்கு," என்றாள் மகள் மெதுவாக. "விழட்டும்."

"மெத்தை ஏதாவது போடச் சொல்லவா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவருக்கு யார் மேடம் மெத்தை போட்டாங்க?"

சல்லடை கண்ணை மூடினான். பிடியை விட்டான்.

முழங்கை, இடுப்பு, தோள் என்று படிகள் அவனை ஒவ்வொன்றாக வாங்கிக் கீழே அனுப்பின. தரையில் முகம் குப்புறக் கிடந்தான். வலி கண்ணை இருட்டியது. காதைத் தீட்டிக்கொண்டான்.

நிசப்தம்.

கொன்றுதான் விட்டேன், என்று நினைத்தான்.

அடுத்த மூச்சில்... அந்த வாட்ச் அலறியது.

கூடமே அதிர்ந்தது. அதோடு இன்னொரு மணியும் சேர்ந்துகொண்டது. மகளின் கையில் இருந்த போன். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். திரையில் 'அப்பா' என்று வந்திருந்தது.

அவள் போனை எடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு தடவை தற்செயலா இருக்கலாம் மேடம்." சல்லடை பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். "இன்னொரு தடவை விழறேன்."

விழுந்தான். அலறியது. பக்கவாட்டில் விழுந்தான். அலறியது. நான்காவது முறை ஏறப்போனவனை கான்ஸ்டபிள் பிடித்து உட்கார வைத்தார்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "மருமகன் சார்... விழுந்தா நல்லாத்தான் அடிக்குது. அன்னைக்கு மட்டும் ஏன் அடிக்கலை?"

"எனக்கென்ன மேடம் தெரியும்? குளிக்கப் போனப்ப மாமா கழட்டி வெச்சிருப்பார். போட மறந்திருப்பார்."

"அப்ப விழறப்ப கையில இல்லை?"

"இருந்திருக்காது."

"நீங்க வந்து பார்த்தப்ப கையில இருந்ததுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. விழுந்து கிடந்தவர் எழுந்து போய், வாட்சைத் தேடி எடுத்துக் கட்டிக்கிட்டு, மறுபடி வந்து படுத்துக்கிட்டாரா?"

மருமகன் வாசல் பக்கம் நகர்ந்தான்.

"நான்கூட முதல்ல கவனிக்கலை," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு வீட்ல இப்படி ஒரு சாவு விழுந்தா கம்பெனியைக் கிழிச்சுத் தோரணம் கட்டுவாங்க. நீங்க ஒரு வார்த்தை திட்டலை. இவர் வந்து கால்ல விழாத குறையா ஒத்துக்கறார், கட்டிப்பிடிச்சு அனுப்பறீங்க. யாரும் வாட்சைச் சோதிக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

மகள் கணவனின் பக்கம் போனாள். அவள் குரல் உயரவே இல்லை.

"அப்பா பக்கத்து வீட்டு நர்ஸம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு சொன்னதிலிருந்து நீங்க சரியா சாப்பிடலை. இந்த வீடு கைவிட்டுப் போயிடும்னு புலம்பினீங்க. அதுக்கா?"

"நான் தள்ளணும்னு நினைக்கலை..." மருமகன் சுவரில் சாய்ந்தான். "பேச்சு முத்திப் போச்சு. குளிச்சுட்டு வந்தவர், வாட்சைக்கூட எடுக்காம என்கூட சண்டைக்கு நின்னார். தள்ளிட்டேன். வெறும் கையோட கிடந்தா எல்லாரும் கேள்வி கேட்பீங்களேன்னு... அப்புறம் கட்டி விட்டேன்."

"அப்ப உயிர் இருந்ததா?" என்றாள் மகள்.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கான்ஸ்டபிள் அவனை வெளியே கூட்டிப் போனார்.

வாசல் திண்ணையில் சல்லடை வீங்கிய முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருக்க வேண்டும். பாதிதான் இறங்கியிருந்தது.

"இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க கொலைகாரர் இல்லை."

"அது அடிச்சது என் அதிர்ஷ்டம் மேடம். நான் சோதிக்கலைங்கறது மாறலையே. கோளாறு இருந்து, நிஜமாவே ஒருத்தர் விழுந்து கிடந்திருந்தா? அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்த பிறகு என்னால சும்மா இருக்க முடியலை. அந்த அப்டேட்டை இன்னைக்கே திரும்ப வாங்கச் சொல்லப் போறேன். முழுசா சோதிச்சுட்டுத்தான் மறுபடி அனுப்புவேன். மேனேஜர் கத்தினா கத்தட்டும். ஆனா செஞ்ச தப்புக்கு ஒரு தண்டனை வேணுமே மேடம்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"செய்யாத வேலையைச் செஞ்சதா எழுதினதுக்கு என் ஸ்டேஷன்ல செக்‌ஷன் கிடையாது. வீட்டுக்குப் போய் உங்க மனைவிகிட்ட ஒண்ணு விடாம சொல்லுங்க. அவங்ககிட்ட அதுக்கு ஒரு செக்‌ஷன் இருக்கும்... ஜாமீன்கூடக் கிடைக்காது."