டோபி அமுக்காத பெடல்

"நான் அமுக்கல... நான் அமுக்கல!"

நான்கு வயது டோபியின் அலறல் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது.

ஜூலை நான்கு. ஒஹையோவின் ஆஷ்பி க்ரீக்கில் சுதந்திர தின அணிவகுப்பு முடிந்து, ஊரே புல்தரையில் ஹாட் டாகும் சுட்ட சோளமுமாக உட்கார்ந்திருந்த மத்தியானம்.

டோபி தன் பேட்டரிக் காரில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தான். சிவப்புக் கார். இருபது காகிதக் கொடிகள். காரின் மூக்குக்கு முன்னால் படித்துறை... பன்னிரண்டு கருங்கல் படிகள்!

கடைசிப் படியில் அவன் தாத்தா எல்மர் கிடந்தார். கழுத்து, திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"கார் பின்னாலேருந்து சீறிக்கிட்டு வந்து முழங்கால்ல இடிச்சுது... மனுசன் அப்படியே தலைகுப்புற..."

இருநூறு வாய்கள். ஒரே கதை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலில் ஓடிவந்தவன் ட்ரெவர். எல்மரின் சின்ன மாப்பிள்ளை. மாநிலப் படகுப் போட்டியில் மூன்று முறை கோப்பை வாங்கிய மகாவீரன். படகு என்றால்... ரிமோட்டில் ஓடும் இரண்டடிப் பொம்மை! வயசு நாற்பத்தொன்று. கழுத்தில் அந்த ரிமோட் எந்நேரமும் தாலி மாதிரி தொங்கும்.

"ஐயோ டோபி! ஏண்டா கண்ணா அமுக்கின?" என்றான் ட்ரெவர், ஊருக்கே கேட்கும்படி.

அதோடு டோபி பேச்சை நிறுத்தினான்.

*

"விபத்து. ஃபைலை மூடு லோர்னா," என்றார் ஷெரிஃப் ஹேங்க், டி.வி.யில் பேஸ்பால் பார்த்துக்கொண்டே.

லோர்னா வாசெக், துப்பறியும் அதிகாரி. இருபத்தாறு வருட சர்வீஸ். அதில் பாதி, ஹேங்க் மூடச் சொன்ன ஃபைல்களைத் திறந்ததிலேயே போனது.

"கார் படி விளிம்புக்கு அரை அடி முன்னால நின்னிருக்கு சார்."

"அதுக்கு?"

"பயந்த குழந்தை இன்னும் அழுத்தித்தான் மிதிக்கும். அவனும் சேர்ந்து உருண்டிருக்கணும். தாத்தாவை இடிச்சுட்டு, அளந்து வச்ச மாதிரி பிரேக் போட்டிருக்கான்! நாலு வயசுல எனக்கு மூக்குச் சிந்தவே தெரியாது."

"இப்ப மட்டும் தெரியுமாக்கும்! மூடும்மா."

லோர்னா மூடவில்லை. எல்மரின் சட்டைப் பையில் கிடைத்த காகிதத்தை விரித்தாள்.

பிப்ரவரி 11. ஒரு மெக்கானிக் ஷாப் ரசீது. ட்ரெவரின் டிரக்குக்கு முன்விளக்கு மாற்றியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 10-ஆம் தேதிதான், சைக்கிளில் போன பத்தொன்பது வயதுப் பெண்ணை யாரோ இடித்துவிட்டு, நிற்காமல் போயிருந்தார்கள். அவள் இன்னும் ஊன்றுகோலில் நடக்கிறாள். அதுவும் ஹேங்க் மூடச் சொன்ன ஃபைல்தான்!

கதவு தட்டப்பட்டது.

ட்ரெவர்! மூன்று நாளில் இரண்டாம் தடவை.

"பாவம் மேடம் பையன். அந்தக் காரைக் குடுத்தீங்கன்னா நானே ரிப்பேர் பண்ணித் தருவேன்..."

"தாத்தாவைக் கொன்ன காரையா? பையன் ஓட்டறதுக்கா?"

"இல்ல... அதை ஒடச்சுப் போட்டுடலாம்னு..."

"ரிப்பேர் பண்ணி ஒடைப்பீங்களா?"

ட்ரெவர் சிரித்தான். பல் மட்டும் சிரித்தது.

"பிப்ரவரியில உங்க டிரக்கு விளக்கு ஒடஞ்சுதாமே?"

"மான் மேடம். குறுக்க வந்துடுச்சு. சட்டுனு..."

"ஓ! மானா?"

ஒஹையோவில் எவன் வண்டி நசுங்கினாலும் மான்தான். கேப்பையில் நெய் வடிகிறது என்றால், கேட்கிறவளுக்கு எங்கே போச்சு புத்தி?

"காரு இங்கதான் இருக்கும். நீங்க கெளம்புங்க."

*

டோபியின் அம்மா கோரா, எல்மரின் மூத்த மகள், கராஜில் நின்று அழுதாள். மூலையில் டோபி, நாற்காலியில். வலது காலில் ஷூ இல்லை. அந்தக் காலை மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"அந்தக் காலைத் தரையில வைக்கவே மாட்டேங்கறான் மேடம். அந்தக் கால்தானே பெடல்ல இருந்துது... நாலு நாளா ஒரு வார்த்தை பேசல. ஆயுசு முழுக்க நான்தான் தாத்தாவைக் கொன்னேன்னு நெனச்சிக்கிட்டே வாழப் போறானா?"

லோர்னா அவள் தோளைத் தொட்டாள்.

"அழாதம்மா. காருக்குள்ள ஒரு ரிசீவர் பார்த்தேன். காரை ரிமோட்டுக்கு மாத்தினது யாரு?"

"நான்தான். ஒரு பழைய டிரக்கோட வைப்பர் மோட்டாரை ஸ்டியரிங்ல கட்டினேன். பன்னெண்டு வோல்ட் பேட்டரிய எடுத்துட்டு இருபத்துநாலு போட்டேன். சீட்டுக்கு அடியில ரிசீவர். ட்ரெவர் என்னைப் பார்த்து எப்படிச் சிரிச்சாரு தெரியுமா? 'பொம்பளை கட்டின வண்டி, பத்தடி ஓடாது'ன்னாரு."

"பெடலை அமுக்கினா எவ்வளவு வேகம் போகும்?"

"நடக்கற வேகம்தான். அதுக்கு மேல போகாதபடி நான்தான் கட்டுப்படுத்தி வச்சேன். முழு வேகம் ரிமோட்ல மட்டும்தான்."

லோர்னா நிமிர்ந்தாள்.

"சீறிக்கிட்டு வந்துதுன்னு ஊரே சொல்லுதே!"

"ஷெரிஃப்கிட்ட சொன்னேன் மேடம். அவரு பேஸ்பால் பார்த்துக்கிட்டிருந்தாரு. என் ரிமோட் என் கையிலதான் இருந்துது. கார் பாயறதைப் பார்த்ததும் பிரேக் போட்டேன்... கேக்கவே இல்ல! கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"கெட்டுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"ரிசீவர்ல ஒரு சின்ன விளக்கு இருக்கும். தன்னோட ரிமோட் சிக்னல் கெடச்சா நின்னு எரியும். கெடைக்கலேன்னா கண்ணைச் சிமிட்டிக்கிட்டே தேடும்."

அரை மணி நேரத்தில் இருவரும் ஸ்டேஷனில் இருந்தார்கள். காரை உசுப்பினார்கள். கோரா தன் ரிமோட்டைப் போட்டாள்.

விளக்கு சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது!

கோரா ரிசீவரைக் குனிந்து பார்த்தாள்.

"இது என் ரிமோட்டைத் தேடல மேடம்... வேற எதையோ தேடுது! யாரோ ரிசீவர் பட்டனை அமுக்கி, தன் ரிமோட்டோட இதை ஜோடி சேத்துட்டாங்க. மூணு செகண்ட் வேலை! ஒரு ரிமோட் எத்தனை ரிசீவரை வேணும்னாலும் ஓட்டும்."

"சாப்பாட்டு நேரத்துல கார் பக்கம் யாரு இருந்தாங்க?"

"டோபி மொகத்துல கலர் பூசிக்கப் போயிருந்தான். ட்ரெவர்தான்... கொடியை இறுக்கிக் கட்டறேன்னு..." கோரா வாயைப் பொத்திக்கொண்டாள். "அன்னிக்குக் காலையில அப்பா அவருகிட்ட சொன்னாரு. 'அணிவகுப்பு முடியட்டும், ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போறோம்'னு. எதுக்குன்னு கேட்டேன், சொல்லல. மேடம், உடனே அவன் ரிமோட்டைப் பிடுங்குங்க!"

"ஆள் அனுப்பினா, கதவைத் தொறக்கறதுக்குள்ள அதைச் சுக்குநூறாக்கிடுவான். இப்போதைக்குத் தூக்கிப்போட மாட்டான். மூணு கோப்பை வாங்கித் தந்த ராசியான ரிமோட்டாச்சே!" லோர்னாவின் உதடு கோணியது. "அன்னிக்கு நடக்காம தள்ளிவச்ச படகுப் போட்டி ஞாயித்துக்கெழமைதானே?"

*

ஞாயிறு. காலை பத்து மணி.

கரையில் எட்டு மகாவீரர்கள் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு ரிமோட், ஆளுக்கொரு தொப்பை. நடுவில் ட்ரெவர். கையில் மாமனாருக்காகக் கறுப்புப் பட்டி கட்டியிருந்தான். வெட்கங்கெட்டவன்!

அவன் முதுகுக்குப் பின்னால், ஐம்பதடி தூரத்தில் ஒரு மேப்பிள் மரம். மரத்துக்குப் பின்னால் சிவப்புக் கார். அதன் அருகே லோர்னா. சற்றுத் தள்ளி கோரா, இடுப்பில் டோபி.

ரிசீவர் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீரைப் பார்த்தபடி ட்ரெவர் தன் ரிமோட்டைப் போட்டான்.

விளக்கு... நின்று எரிந்தது!

"வாடா ராசா," என்றாள் லோர்னா. காரை மரத்தின் மறைவிலிருந்து வெளியே தள்ளிவிட்டு விலகினாள்.

விசில்!

எட்டுப் படகுகளும் பாய்ந்தன. கூடவே யாருமே உட்காராத சிவப்புக் காரும் பாய்ந்தது!

"ஏய்... ஏய்! அங்க பாருங்க!"

ட்ரெவர் படகை இடதுபக்கம் ஒடித்தான். கார் இடதுபக்கம் ஒடிந்தது. வலதுபக்கம் திருப்பினான். காரும் திரும்பியது. ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

ட்ரெவர் திரும்பிப் பார்த்தான். விரல் விறைத்தது. விசை அழுந்தியபடியே நின்றது.

கார் நேராக வந்து அவன் முழங்காலில் மோதியது. ட்ரெவர் புல்லில் பொத்தென்று உட்கார்ந்தான்!

 மரத்துப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா! கார்ல யாருமே இல்ல!"

டோபி!

"யாருமே இல்லம்மா! அதுவா போவுது! நான் அமுக்கல... நான் சொன்னேன்ல!"

"ஆமாண்டா தங்கம்... நீ அமுக்கவே இல்ல!" கோரா அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

டோபி அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினான். வலது காலைப் புல்லில் வைத்தான். ஓடினான்!

ட்ரெவர் எழுந்து ரிமோட்டைத் தண்ணீரில் வீசக் கையை ஓங்கினான். அந்த மணிக்கட்டில் லோர்னாவின் பிடி விழுந்தது.

"அன்னிக்கு மான் மேல பழி, இப்ப குழந்தை மேலயா? வெக்கமா இல்ல?"

"மேடம்... இது ஏதோ சிக்னல் கோளாறு..."

"உன் படகு போன பக்கமெல்லாம் காரும் போச்சு. ஊரே பார்த்துச்சு. போதாதா கோளாறு? பத்தொன்பது வயசுப் பொண்ணை இடிச்சுட்டு ஓடின. கண்டுபிடிச்ச மாமனாரை நாலு வயசுக் குழந்தை காலை வச்சுக் கொன்ன. கோப்பை வாங்கின கையாச்சே, எப்படி ஒளிஞ்சுக்கும்? அரை அடியில பிரேக் போட்டுக் காட்டுச்சு!"

விலங்கு பூட்டப்பட்டது. போலீஸ் காரின் பின்கதவு திறந்தது. ட்ரெவர் ஏறாமல் நின்றான்.

"எ... எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"உங்க மாமனார் கூப்பிட்ட அதே ஸ்டேஷனுக்குத்தான். பயப்படாம ஏறுங்க சார்." லோர்னா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். "வழியில மான் குறுக்க வந்தா... நான் நிறுத்துவேன்!"