செத்தவர் அளந்த மழை

காலை எட்டரை.

போன் அலறியது!

வெள்ளத் திட்ட அலுவலகமே உறைந்தது. அதிகாரி ஸ்ரீகண்டன் எடுத்தார்.

கரகரத்த குரல். நடுநடுவே இழுக்கும் மூச்சு.

"அல்சூர் ஏரி... தொண்ணூத்தி நாலு மில்லி..."

க்ளிக்!

அது நாராயணசாமியின் குரல். இருபது வருஷமாக ஏரிக்கரையில் மழை டப்பாவைத் திறந்து, தண்ணீரை அளந்து, காயின் பூத்திலிருந்து சொல்லிவந்த குரல்.

நாராயணசாமி செத்து நாலு நாள் ஆகிறது!

"மூணு நாளா இதே டைம்... இதே நம்பர்!" எதிரே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பாவிடம் ஸ்ரீகண்டன் சீறினார். "எவனோ விளையாடறான். பிடிச்சு உள்ள போடுங்க சார்!"

"மழையே இல்லாத நாள்ல தொண்ணூத்தி நாலா? பேய்க்கு வேற வேலை இல்லை போல..."

ஜீப் கிளம்பியது.

"அவர் எப்படிச் செத்தார்னீங்க?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை. அளந்து, புக்ல நாலுன்னு எழுதி, பெட்டியில வெச்சுப் பூட்டிட்டு, வழுக்கி ஏரியில விழுந்துட்டார்."

"நாலா? என் வீட்டாண்ட ரோடே ஆறா ஓடிச்சே!"

"பெங்களூர் மழை சார். தெருவுக்குத் தெரு மாறும்."

பூமி சூடேறுகிறது, இனி மழை வெறிபிடித்துக் கொட்டும் என்று நகரம் புதுத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மழையை வைத்துத்தான் வரைபடத்தில் சிவப்புக் கோடு. கோட்டுக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. இருக்கிற குடிசைகளுக்குத் தடுப்புச் சுவர்.

நாலு மில்லிமீட்டர் மழைதான் என்றால்... கோடும் இல்லை, சுவரும் இல்லை!

ஏரிக்கரை. மழை டப்பாவின் பக்கத்தில் ஒருத்தி நின்றாள். நாராயணசாமியின் மனைவி வனஜா.

"போன் பண்றது யாரும்மா?"

"நான்தான் சார்..."

செத்தவரின் குரல்! அதே கரகரப்பு. அதே மூச்சு. கோவிந்தப்பாவுக்கு முதுகு சில்லிட்டது.

"பக்கத்துலயே படுத்தவ சார். அந்த மூச்சு எனக்கு வராதா?"

"அரெஸ்ட் பண்ணுங்க!" ஸ்ரீகண்டன் கத்தினார்.

"இருங்க சார். ஏம்மா, தினம் அதே நம்பர்?"

"புதன்கிழமை காலையில அவரைத் தேடிக்கினு வந்தேன். டப்பாவைத் தொறந்தா தொண்ணூத்தி நாலு நிக்குது! போன்ல சொன்னேன். புக்ல நாலுதான்னு இந்த ஐயா போனை வெச்சுட்டாரு. என் குரலு காதுல ஏறலை... அவர் குரல்ல சொன்னேன். அடுத்த மழைக்கு எங்க அறுபது குடிசையும் போய்டும் சார்!"

"பொய்! உன் புருஷனே செவ்வாய்க்கிழமை தேதியில எழுதி வெச்சிருக்கான்!"

வனஜா சிரித்தாள். கேட்கவே பயமாக இருந்தது.

"சாயங்கால மழையைச் சாயங்காலமே யாரு அளப்பாங்க? டப்பாவுலயே நிக்கும். மறுநாள் எட்டரைக்குத்தான் அளப்போம். எழுதறதும் மறுநாள் தேதியிலதான். செவ்வாய் மழை புதன்ல வரணும். அவர்தான்... புதன்கிழமையைப் பார்க்கவே இல்லையே சார்!"

கோவிந்தப்பா மெல்லத் திரும்பினார்.

"அப்போ எழுதினவன் டப்பாவுல அளந்தே பழகாத ஆளு. புக்கு இருந்த பெட்டிக்கு ரெண்டே சாவி. ஒண்ணு பொணத்தோட அரைஞாண்ல இருந்துச்சு. இன்னொண்ணு உங்க டிராயர்ல... ஹௌதா சார், சரிதானே?"

ஸ்ரீகண்டன் பாய்ந்தார். கோவிந்தப்பாவின் கை காலரில் இறுகியது.

"ஏரியோரம் என் வீட்டுமனை லேஅவுட்டு... கோடு விழுந்தா விக்காது... குறைச்சு எழுதச் சொன்னேன்... முடியாதுன்னான்... தள்ளித்தான் விட்டேன்..."

வனஜா அழவில்லை.

"தொண்ணூத்தி நாலு எழுதுவீங்களா சார்?"

கோவிந்தப்பா புக்கைத் திறந்து, பேனாவை அவளிடமே நீட்டினார். புதன்கிழமைக் கட்டத்தில் அவள் எழுதினாள்.

ஜீப்பில் ஸ்ரீகண்டன் முனகினார். "எந்தத் தேதியில சார் கோர்ட்டுக்கு..."

"தேதிதான் உங்களுக்கு வராதே! கவலைப்படாதீங்க சார்... உள்ள போயிட்டா எல்லாத் தேதியும் ஒண்ணுதான்!"