பார்ஸ்லித் தொட்டி

காய் நறுக்கும் பலகையில் எலி நாற்றம் அடித்தது. நொயெலியா அதை இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, இறைச்சி சுட்ட புகையையும் பூண்டின் நெடியையும் தாண்டி மறுபடி முகர்ந்து பார்த்தாள். போகவில்லை.

“இந்த வீட்டுல எலி இருக்கு.”

“நீ வர்ற வரைக்கும் இருந்ததில்லம்மா” என்றாள் மாமியார் தெல்மா, கடைசித் துண்டு இறைச்சியின் மேல் சிமிச்சூரித் தழைச்சட்னியை வழித்து ஊற்றிக்கொண்டே.

கணவன் தமியான் சிரித்தான். “விடும்மா, அவளுக்கு ஆய்வுக்கூடத்து மூக்கு.” காலையில் நாற்றுப் பண்ணையிலிருந்து பார்ஸ்லித் தொட்டியை வாங்கி வந்தவன் அவன்தான். கொத்தமல்லி மாதிரியான அந்தத் தழையைப் பொடியாக நறுக்கி எண்ணெயிலும் வினிகரிலும் ஊறப் போட்டவனும் அவனே. “கிண்ணமே காலி. நீதான் தொடல.”

“உப்புப் பார்த்தேனே, ரெண்டு கரண்டி.”

சாப்பிட்டதும் பரானா ஆற்றங்கரை ஊரே மதிய உறக்கத்துக்குப் படுத்தது. தெருவெங்கும் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. நாலு மணிவரை யாரையும் எழுப்பக் கூடாது. தெல்மாவிடம் அதைவிடப் பெரிய குற்றமில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “காலெல்லாம் மரத்துப்போச்சு. ஒயின் ஜாஸ்தி.” தமியானும் தள்ளாடித்தான் போனான்.

நொயெலியா எலியைத் தேடினாள். அடுப்புக்குப் பின்னால் இல்லை, அலமாரிக்கு அடியிலும் இல்லை. அறைகளிலிருந்து வந்த குறட்டை மெலிந்துகொண்டே போனது. நாற்றம் அவளைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துச் சென்றது. அங்கே தொட்டி. செருகிய அட்டையில் அழகான கையெழுத்து: பார்ஸ்லி.

ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள்.

எலி.

தண்டைத் திருப்பினாள். வழுவழுப்பான பச்சையில் மை தெறித்த மாதிரி ஊதாப் புள்ளிகள்.

சிக்கூட்டா. கல்லூரியில் அந்த நஞ்சுச்செடியைக் கையுறை போட்டுத்தான் தொட்டிருக்கிறாள். முதலில் கால்கள் போகும். பிறகு நெஞ்சு. நினைவு மட்டும் கடைசிவரை விழித்திருக்கும்.

உள்ளே குறட்டை இல்லை.

ஓடினாள். தெல்மாவின் வாய் திறந்திருந்தது. மூச்சில்லை.

“தமியான்!”

மல்லாந்து கிடந்தான். உதடுகள் நீலம். கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்தன.

தொலைபேசி சமையலறையில் இருந்தது. திரும்பினாள். முழங்கால்கள் மடிந்தன. தரையில் விழுந்தபடியே கத்தினாள். நாக்குக் குழறியது. சொல் வரவில்லை, சத்தம்தான் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரரின் குரல் கேட்டது. “தூங்குற நேரத்துல என்னம்மா புருஷன் பொண்டாட்டி சண்டை?”

படார். ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

கட்டிலில் தமியான் அசையவில்லை. கண்கள் மட்டும் அவளிடமிருந்து கதவுக்கும், கதவிலிருந்து அவளுக்கும் போய்ப் போய் வந்தன.