கடிச்சுப் பிடிச்ச நட்டு

டிரிங்... டிரிங்...!

காலை ஏழு மணிக்கு ஸ்டேஷன் போனை எடுத்த இன்ஸ்பெக்டர் அன்புக்கரசி, அடுத்த அரை மணி நேரத்தில் ஆத்தூர் ரோட்டில் இருந்தாள்.

புளியமரத்தில் மோதிக் கிடந்தது ஒரு பழைய மோரிஸ் மைனர் கார். உள்ளே ரைஸ்மில் பொன்னழகு... பிணமாக!

"கொலை மேடம்!" அலறினான் முகேஷ்குமார். செத்தவரின் தங்கை மகன். "இந்த மெக்கானிக் பயதான் எங்க மாமாவைக் கொன்னுட்டான்! ஸ்டியரிங்ல எவர்சில்வர் போல்ட்டு போட்டிருக்கான். அறுந்துருச்சு!"

சத்தம்தான் பெரிதாக இருந்தது. கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்புக்கரசிக்கு அவனைப் பார்த்ததுமே எரிச்சல் வந்தது.

நாகல் நகர் மெக்கானிக் சௌகத் அலி கைகூப்பி நின்றார். அந்த ஓட்டை வண்டியை ஆறு மாதம் மெனக்கெட்டுப் புதுசாக்கியவர். இப்போது விலங்கு விழுந்தால் ஆயுசுக்கும் ஜெயில்!

"போட்டீங்களா பாய்?"

"பம்பர்லயும் நம்பர் பிளேட்லயும் போட்டேன் மேடம். துருப்பிடிக்காம மினுங்கணும்ல... ஸ்டியரிங்ல இதைப் போடுவேனா? பாரம் தாங்காதே! அங்க உறுதியான ஹை டென்சில் இரும்பு போல்ட்டுதான் போட்டேன்."

"பொய்!" குறுக்கே பாய்ந்தான் முகேஷ்.

"ஏலே, செத்த நேரம் வாயை மூடுறியா?"

ஸ்டியரிங் அடியில் குனிந்து பார்த்தாள். எவர்சில்வர்தான். ஒரு போல்ட் அறுந்திருந்தது. பக்கத்து நட்டு போல்ட்டின் திருகு மரையில் பாதியிலேயே சிக்கி நின்றது. அதன் மூலைகள் மழுங்கியிருந்தன.

"கழட்டுங்க பாய்."

ஸ்பேனர் போட்டுத் திருகினார். நட்டு அசையவில்லை!

"எவர்சில்வர் மரைக்கு கிரீஸ் தடவாம முறுக்குனா கடிச்சுப் பிடிச்சுக்கும் மேடம். முன்னாலயும் போகாது, பின்னாலயும் வராது. நான் தடவாம மாட்டவே மாட்டேன்."

பம்பர் நட்டைக் காட்டினாள். ஸ்பேனர் பட்டதும் சுழன்று வந்தது. மரை முழுக்க கிரீஸ்!

அப்படியானால் அந்த நட்டோடு மல்லுக்கட்டியது வேறு கை. ஸ்பேனர் வழுக்கியிருக்கும். விரலைப் பதம் பார்த்திருக்கும்...

முகேஷின் வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் கிடந்தது.

"கையை வெளிய எடு."

"எ... எதுக்கு மேடம்?"

கூட வந்த ஏட்டு அதை வெளியே இழுத்தார். நான்கு விரல் முட்டியிலும் தோல் உரிந்து, ரத்தம் காய்ந்து...!

"மில்லை விட்டுப் போடான்னு துரத்துனாரு மேடம்... அதான் போல்ட்டை மாத்துனேன்..." உடைந்தான்.

"அதுக்குக் கொன்னுட்டு, பழியை பாய் மேல போடுவியா? ஒரு நட்டு மாட்டத் துப்பில்ல, உனக்கெல்லாம் கொலை ஒரு கேடா? த்தூ!"

விலங்கு மாட்டினாள்.

"மாமாவுக்குப் பிள்ளை இல்ல மேடம்! நான்தான் கொள்ளி வைக்கணும்..."

"தாராளமா வை அப்பு! ஒரு கையால வை... இன்னொரு கையை ஏட்டு பிடிச்சுக்குவாரு!"