வேலம்மா தடவிய இடம்

விட்டுவிட்டாள். விட்ட பிறகுதான், அது வெதுவெதுப்பாக இருந்தது என்பது வேலம்மாவுக்கு உறைத்தது.

மார்கழி ஏரி இடுப்புவரை சில்லிட்டுக் கிடந்தது. முகத்துவாரத்து இழுப்பு ஆளைக் கொண்டுபோய்விடாமல் இருக்க, குப்பத்து ஆட்கள் பன்னிரண்டு பேரும் இடது கையில் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மோவாய் தண்ணீரில் முட்டக் குனிந்து, வலது கையால் சேற்றைத் தடவி வந்தார்கள். வழக்கம்போல் இறாலுக்காக அல்ல. காலையில் தோணியிலிருந்து விழுந்த அவள் தம்பி ரங்கனுக்காக. ஐந்து வயது. இப்போது பொழுது சாய்கிறது.

"பையன் வுழுந்த எடத்துல வேலம்மாவ நிறுத்துங்க," என்று வேதாசலம் மாமாதான் சொன்னார். "அவ கைக்கு கண்ணு கீது. அவ தொட்டா நண்டு எந்திரிச்சி சலாம் போடும்." யாரும் சிரிக்கவில்லை.

கையின் அந்தக் கண் அவிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒல்லாந்தர் கப்பலுக்குத் துணிக்கட்டு ஏற்றிய படகில், காற்றுக்குத் திரும்பிய பாய்க்கழி அவள் தலையின் இடப்பக்கம் அடித்தது. காயம் ஆறிவிட்டது. வலது கையில் வலு இருந்தது. சுட்டால் சுடும், குத்தினால் குத்தும். ஆனால் கண்ணால் பார்க்காமல் எதைத் தொட்டாலும் அது இன்னதென்று மட்டும் பிடிபடவில்லை. இறாலும் வேரும் அந்த விரல்களுக்கு ஒன்றுதான். இடது கையால் தடவி ஒப்பேற்றி வந்தாள்; இன்று அந்தக் கையில் கயிறு. இதை வெளியே சொன்னால் ஏரிக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். அம்மா ஒருத்தி பிடிப்பதில் மூன்று வயிறு நிறையாது.

சற்றுமுன் சேற்றுக்குள் ஏதோ அகப்பட்டது. வழவழப்பாக. மெத்தென்று. நுனியில் பிளவு பிளவாக. பாசிக்கொத்தோ? இழுத்தாள், வரவில்லை. உள்ளங்கையில் சுருக்கென்றது. கெளுத்தி முள்ளோ என்று உதறிவிட்டு, கயிற்றைக் கை மாற்றி, இடது கையை விட்டுப் பார்த்தாள்.

சேறு. வெறும் சேறு.

"இன்னாடி நின்னுட்ட?" பக்கத்தில் அம்மா. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "இன்னா கெடச்சுது?"

"பாசிம்மா."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப அந்த எடம் முடிஞ்சுது, நடங்க," என்றார் மாமா.

ஒல்லாந்தர் கோட்டையில் அந்தி வெடி அதிர்ந்தது. கயிறு முன்னால் இழுத்தது. வேலம்மா வலது கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பார்த்தாள்.

உள்ளங்கையில் நான்கு பிறைகள். சின்னச் சின்னதாக. நகம் பதிந்த இடம். அப்போதுதான் ரத்தம் கசிந்தது.

அம்மாவும் அதைப் பார்த்தாள். கயிற்றை விட்டுவிட்டு, மகள் நின்ற இடத்தில் குனிந்து கையை விட்டாள். துழாவினாள். கை ஓரிடத்தில் நின்றது. முகம் மலர்ந்தது.

"புடிச்சிக்கினான்டி. கெட்டியா புடிச்சிக்கினான்."

தண்ணீர் அம்மாவின் மோவாயைத் தொட்டது. உதட்டைத் தொட்டது. இன்னும் குனிகிறாளே.

இல்லை. குனியவில்லை.

வேலம்மா அவள் தோளைப் பற்றி இழுத்தாள். அசையவில்லை. மூக்கு. கண். விரிந்து மிதந்த கூந்தல்.

காலையில் விழுந்த பிள்ளைக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது?