மேற்கு வளையத்தில் மட்டும்

நார்பர்ட் க்ளெம் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தபோதே, விஷயம் விவகாரமானது என்று லைல் ஹாஸ்டெட்லருக்குப் புரிந்துவிட்டது. க்ளெம் மில்ரேஸ் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர். அசந்துகூட மரியாதை தவறாத மனிதர். அப்படிப்பட்டவர் தோளில் கிடந்த பிப்ரவரிப் பனியைத் தட்டிவிடவும் தோன்றாமல், வெர்னா ஸ்டக்கியின் மேஜைமேல் ஒரு கடிதத்தைப் போட்டார்.

வெர்னா அந்த மாவட்டத்தின் சர்வேயர். பக்கத்து வயலுக்குள் வேலியை நகர்த்திவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் நிற்கிற ஆசாமிகளை இருபது வருடமாகப் பார்த்துப் பார்த்து, அவளுக்கு எதற்கும் பதறாத ஒரு நிதானம் வந்திருந்தது. மில்ரேஸின் கூடைப்பந்து ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஸ்கோர் புத்தகம் எழுதுவதும் அவள்தான். அதே ஆட்டங்களை ரேடியோவில் வர்ணிப்பவன் லைல். இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. அவன் பேசாத நேரம் தூங்கும் நேரம் மட்டும்தான். அதிலும் மனைவிக்குச் சந்தேகம் உண்டு.

கடிதத்தில் கையெழுத்து இல்லை. "உங்கள் ஆட்டக்காரன் கார்வின் ஹேல்ஸ் சொந்த அரங்கத்தில், அதுவும் இரண்டாம் பாதியில் மட்டும், ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிடுவது ஏன்? பந்தயக்காரர்களைக் கேளுங்கள்" என்று தட்டச்சு செய்திருந்தது. எதிரணி தவறு செய்தால், யாரும் குறுக்கிடாமல் கோட்டில் நின்று வளையத்துக்குள் பந்தெறியக் கிடைக்கும் வாய்ப்புதான் ஃப்ரீ த்ரோ.

"அடப்பாவி!" என்றான் லைல். "கார்வினா? அந்தப் பையன் கடையில மிச்சச் சில்லறை கூட வந்தாலே திருப்பிக் குடுக்கற ஆளாச்சே!"

"கல்லூரித் தலைவருக்கும் ஒரு நகல் போயிருக்கு" என்றார் க்ளெம். "வியாழக்கிழமை நாலு மணிக்கு விசாரணை. காசு வாங்கிட்டுத்தான் விட்டான்னு முடிவு பண்ணிட்டா, அன்னிக்கே அவனை சொந்த ஊர் கேரிக்கு பஸ் ஏத்திடுவாங்க. நாலாவது வருஷம், வெர்னா! பட்டம் வாங்க இன்னும் மூணே மாசம்."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க, நார்பர்ட்?"

"மனசு இல்லைங்குது. ஆனா அவன் விடறதை என் கண்ணாலயே பாக்கறேனே."

வெர்னா ஸ்கோர் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். லைலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"கடுதாசில இருக்கறது நெஜந்தான். டிசம்பர் வரைக்கும் சொந்த அரங்கத்துல, இரண்டாம் பாதியில பத்தொம்பது எறிஞ்சான், ஒண்ணுதான் தவறிச்சு. ஜனவரி ஏழுலேர்ந்து இருபத்தொண்ணு. அதுல பன்னெண்டு தவறிப்போச்சு."

"பன்னெண்டா!" லைல் நாற்காலியில் சாய்ந்தான்.

"ஆனா வெளியூர்ல இரண்டாம் பாதியில பதினெட்டுக்குப் பதினேழு விழுந்திருக்கு."

"அதைத்தானே சொல்றாங்க" என்று க்ளெம் இழுத்தார். "பந்தயமே உள்ளூர் ஆட்டத்துக்குத்தானாம்."

"இருக்கலாம். இரண்டாம் பாதியில நம்ம பசங்க எந்தப் பக்கம் போடறாங்க?"

"எப்பவும் மேற்குப் பக்கம்தான்."

"அப்ப அதை இரண்டாம் பாதின்னு ஏன் சொல்லணும்? மேற்கு வளையம்னு சொன்னாலும் சரியாத்தானே இருக்கு?" என்றாள் வெர்னா.

மறுநாள் காலை அரங்கத்துக்குள் லைல் ஓரடி வைத்ததுதான் தாமதம், க்ளெம் அலறினார்.

"ஷூவைக் கழட்டு! இந்த அரங்கத்துக்குப் பணம் குடுத்த ஆட்வாட்டர் அம்மா உயில்ல என்ன எழுதி வெச்சிருக்குன்னு தெரியுமில்ல? இந்தத் தரையில ஆட்டக்காரங்க ரப்பர் ஷூவைத் தவிர வேற எதுவும் படக்கூடாது. பட்டா வருஷா வருஷம் வர்ற பணம் நின்னுடும். படவிட்டவன் வேலையும் போயிடும்!"

"என் சாக்ஸுக்கு அனுமதி உண்டா சார், இல்ல அதுக்கும் உயிலப் பாக்கணுமா?" என்று முனகியபடி லைல் ஷூவைக் கழற்றினான். குதிகாலில் ஓட்டை இருந்தது.

வெர்னா ஏணியில் ஏறி மேற்கு வளையத்தின் உயரத்தை அளந்தாள். சரியாகப் பத்து அடி. மட்டக்கோலை வைத்துப் பார்த்தாள், கோணல் இல்லை. லைலுக்குச் சப்பென்று போய்விட்டது. வளையத்தில்தான் சூது என்று இரவே முடிவுகட்டி வைத்திருந்தான் அவன். வெர்னா இறங்கிவந்து ஃப்ரீ த்ரோ கோட்டருகே மண்டியிட்டு, உள்ளங்கையால் பலகைகளைத் தடவினாள்.

"சமீபத்துல தரையில கை வெச்சீங்களா, நார்பர்ட்?"

"ஆகஸ்ட்ல வார்னிஷ் அடிச்சதோட சரி" என்றார் க்ளெம்.

சும்மா நிற்கப் பிடிக்காத லைல், சுவரோரச் சூடேற்றியின் அடியில் துழாவி ஒரு காய்ந்த தண்டை எடுத்தான். "டாய்ல் பெருக்கற லட்சணத்தப் பாரு. தொடப்பக் குச்சி!" டாய்ல் அரங்கத்தின் பராமரிப்பாளர். வெர்னா அந்தத் தண்டை வாங்கி மோந்து பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்போது கார்வின் வந்தான். ஆறடி நாலங்குலம். ஆனால் தோளைக் குறுக்கிக்கொண்டு, தன் உயரத்துக்கே மன்னிப்புக் கேட்பவன்போல் நின்றான். வெர்னா பந்தை நீட்டினாள். அவன் மேற்குக் கோட்டுக்குப் போய், தலை குனியாமலே வலது ஷூவின் நுனியால் தரையை மெல்லத் துழாவினான். ஏதோ தட்டுப்பட்டதும் கால் நின்றது. கண்ணை மூடி ஒரு மூச்சு. திறந்த வேகத்தில் எறிந்தான். பந்து வளையத்தின் வலது விளிம்பில் பட்டுத் தெறித்தது. மறுபடி எறிந்தான். அதுவும் வலது விளிம்பு.

"கால்ல என்னப்பா தேடற?" என்று கேட்டாள் வெர்னா.

"ஆணி மேடம். எல்லா மரத்தரையிலயும் கோட்டோட நடுவுல ஒரு ஆணி இருக்கும். கயிறு கட்டி, கோட்டைச் சுத்தியிருக்கற வட்டத்தப் போடறதுக்காக அடிச்சது. சின்ன வயசுல எனக்குப் பார்வை மங்கல், கண்ணாடி வாங்க வசதியில்ல. வளையம் புகை மாதிரிதான் தெரியும். ஆணியக் கால்ல பிடிச்சு நேரா எறிஞ்சு பழகிட்டேன்."

"பயிற்சியில நல்லா விழுதா?"

"அது கிழக்குப் பக்கம் மேடம். அந்த நேரத்துல மேற்குப் பாதி பொண்ணுங்க டீமுக்கு. அங்க தவறவே தவறாது." அவன் தன் கையைப் பார்த்தான். "எனக்கே பயமா இருக்கு. கையில ஏதாச்சும் கோளாறா, இல்ல மனசுலயான்னு. எங்க அம்மா காதுக்கும் விஷயம் போயிடுச்சு. போன்ல 'நீ பண்ணியாடா?'ன்னு கேட்டுட்டாங்க. அம்மாவே கேட்டுட்டாங்க மேடம். வெச்சுட்டேன். அதுக்கப்புறம் நான் பேசல."

லைல் உருண்டுகிடந்த பந்தை எடுத்துவந்து கார்வின் கையில் கொடுத்தான்.

மதியம் உணவு விடுதியில், தட்டைவிடப் பெரிதாக வறுத்த பன்றி இறைச்சியைப் பன்னுக்குள் அடைக்கப் போராடிக்கொண்டிருந்தான் லைல். வெர்னா ஆப்பிள் இனிப்பைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "கிறிஸ்துமஸ் லீவுல நீ எங்க இருந்த?" என்று கேட்டாள்.

"எங்க இருந்தேனா? பனிப்புயல்ல ஸ்டேஷன்லயே மாட்டிக்கிட்டு மூணு நாள் கத்தினேன்! பள்ளிக்கூடம் லீவு, பாலம் மூடல், க்ளெம் சாரோட சர்ச் சபை போடற கிறிஸ்து பிறப்பு நாடகம் வெளியில கிடையாது உள்ளதான், எவனோ ஒருத்தன் நாயக் காணோம்... அறிவிப்புப் படிச்சுப் படிச்சு நாக்கு வறண்டுபோச்சு. ஏன்?"

"சும்மாதான்" என்றாள் வெர்னா. "நாளைக்கு வரும்போது ஒரு பபிள்கம்மை மென்னுக்கிட்டே வா. எனக்கு அது வேணும்."

அந்தப் பெண்மணி சும்மா எதையும் கேட்டதில்லை என்பது லைலுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? இரவெல்லாம் புரண்டு படுத்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வெர்னா எல்லோரையும் அரங்கத்துக்கு வரச்சொன்னாள். க்ளெம், டாய்ல், கார்வின், லைல், எல்லோரும் சாக்ஸ் காலோடு கோட்டைச் சுற்றி நின்றார்கள்.

அவள் ஏணியில் ஏறி வளையத்தின் நட்டநடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள். குண்டு ஆடி நின்ற இடத்தில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்து, அங்கிருந்து கோடுவரை நேராகக் கயிறு பிடித்தாள்.

"கயிறு கோட்டைத் தொடற எடத்தப் பாருங்க. இப்ப ஆணியப் பாருங்க."

லைல் குப்புறப் படுத்தே பார்த்துவிட்டான். ஆணி கயிற்றின் மேல் இல்லை. வலப்பக்கமாக விலகியிருந்தது.

"ஒண்ணே முக்கால் அங்குலம்" என்றாள் வெர்னா. "கிழக்குப் பக்க ஆணி கயித்துலயே உக்காந்திருக்கு, காலையிலயே பாத்துட்டேன்."

"அப்ப மத்த பசங்களுக்கு இங்க ஏன் விழுது?" என்று கேட்டான் லைல்.

"அவங்க வளையத்தக் கண்ணால குறிவெச்சு எறியறாங்க. ஆணி எங்க இருந்தா அவங்களுக்கென்ன? இவன் ஆணிய நம்பி எறியறான். ஆணி வலப்பக்கம் போனா பந்தும் வலப்பக்கம்தான் போகும். லைல், அந்த பபிள்கம்மை நல்லா மென்னியா?"

லைல் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் ஒரு பத்து சென்ட் நாணயத்தை அதில் ஒட்டி, கயிறு தொட்ட இடத்தில் அழுத்தினாள்.

"கார்வின், ஆணிய மறந்துடு. கால் இந்தக் காசுல நிக்கட்டும். பத்து போடு."

முதல் பந்து வலையைத் தவிர எதையும் தொடாமல் இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. ஏழாவது மட்டும் விளிம்பில் சுற்றி வெளியே விழுந்தது. பத்தாவது இறங்கியபோது லைல் மைக் இல்லாமலே வர்ணிக்கத் தொடங்கிவிட்டான், வெர்னா கையமர்த்தினாள். கார்வின் பந்தை எடுக்கப் போகவில்லை. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆணி தானா நடக்காதே!" என்றான் லைல். "எவன் நகத்தினான்?"

"ஆணிய யாரும் நகத்தல. பலகையவே மாத்தியிருக்காங்க. இந்த அஞ்சு பலகையத் தடவிப் பாரு. மத்ததுலயெல்லாம் பத்து வருஷமா ஷூ தேய்ச்ச பள்ளம் இருக்கு, இதுல இல்ல. பழைய ஆணி பழைய பலகையோட போயிடுச்சு. டாய்ல், நீங்க நல்ல தச்சர். ஆணி இல்லாத கோட்ட விட மனசு வரல, இல்லையா?"

டாய்ல் தலையைச் சொறிந்தார். "நடுவுலதாம்மா அடிச்சேன். திரையெல்லாம் மூடி ஒத்த விளக்குல பண்ண வேலை... கண்மட்டம்தான். இவ்வளவு நடக்கும்னு சத்தியமா தெரியாது."

"வேலைய ஏன் மறைச்சுப் பண்ணணும்?" வெர்னா சட்டைப் பையிலிருந்து அந்தத் தண்டை எடுத்தாள். "லைல், இது தொடப்பக் குச்சி இல்ல, வைக்கோல். நாடகம் வெளியில இல்ல, உள்ளன்னு உன் வாயாலயே ஊருக்குச் சொன்ன. அவங்க சபைக் கட்டடத்துல நாப்பது பேர் நின்னாலே மூச்சு முட்டும். நிஜ மாடு, கழுதையோட நாடகம் போட இந்த ஊர்ல கூரை உள்ள பெரிய எடம் எது? அந்தச் சாவி யார்கிட்ட இருக்கு?"

யாரும் திரும்பிப் பார்க்கச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் க்ளெமைப் பார்த்தார்கள்.

"மாடா?" லைலுக்கு அடக்க முடியவில்லை. "என் சாக்ஸைப் பாத்து அந்தக் கத்துக் கத்தினீங்களே சார்! மாட்டுக்கு ரப்பர் ஷூ போட்டீங்களா?"

"தார்ப்பாய் விரிச்சோம்" என்றார் க்ளெம். "ரெண்டு மடிப்பு. மாடு மிரண்டு தார்ப்பாயைக் கிழிச்சுடுச்சு. மூத்திரம் மொத்தமும் பலகைக்குள்ள எறங்கிடுச்சு. ரெண்டு நாள்ல பலகை உப்பிப் போச்சு. உயில் விஷயம் தெரிஞ்சா வேலை போயிடும்னு டாய்லைக் கெஞ்சினேன். ஆணிய நான் கவனிக்கவே இல்ல. சத்தியமா, வெர்னா."

"நம்பறேன். தெரிஞ்சிருந்தா எங்கிட்ட வந்திருக்க மாட்டீங்க. ஆனா நேத்து தரையப் பத்திக் கேட்டேன். உள்ளதைச் சொல்லியிருந்தா இவனுக்கு ஒரு ராத்திரி தூக்கமாவது மிஞ்சியிருக்கும்."

"அந்த மொட்டைக் கடுதாசி?" என்றான் லைல்.

"எண்ணத் தெரிஞ்சு யோசிக்கத் தெரியாத எவனோ. அவன் கெடக்கான்."

க்ளெம் கார்வினின் எதிரில் போய் நின்றார். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"தம்பி, ஆறு வாரம் உன்னைச் சந்தேகமாப் பாத்திருக்கேன். என் வேலையக் காப்பாத்திக்கிட்டு உன்னைக் கேள்வி கேட்டிருக்கேன். மன்னிப்புக் கேக்கக்கூட வெக்கமா இருக்கு. நாலு மணிவரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே தலைவர்கிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"உங்க வேலை போயிடுமே சார்" என்றான் கார்வின்.

"போகட்டும்." தொப்பியை எடுத்தவர், வாசல்வரை போய்த் திரும்பிவந்தார். பக்கத்திலிருந்த தன் அறைக் கதவைத் திறந்து மேஜைத் தொலைபேசியைக் காட்டினார். "நான் திரும்பற வரைக்கும் இந்த ரூம் உன்னோடது. வீட்டுக்குப் பேசு."

கார்வின் எண்களைச் சுழற்றிவிட்டுக் கதவோரமாக முதுகைக் காட்டி நின்றான். லைல் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். "ரெண்டு மணிச் செய்திக்கு நேரம் இருக்கு, வெர்னா! ஊரே காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கும்!"

அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள். "இருடா. முதல்ல அவங்க அம்மா கேக்கட்டும்."

இருவரும் அங்கேயே நின்றார்கள். "அம்மா... நான்தான்" என்று கார்வின் தொடங்கினான். பிறகு, "இல்லம்மா. நான் பண்ணல. கை நல்லாத்தாம்மா இருக்கு" என்றான். அடுத்த கேள்வி வந்தது. "பண்ணது யாரா? சொன்னா நம்ப மாட்ட. ஒரு மாடும்மா."

தொலைபேசியின் மறுமுனையில் அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு அரங்கத்தின் நடுவரைக்கும் கேட்டது.